ஹார்லியா? கோல்டு விங்கா?

400 கிலோ எடையுள்ள இரண்டு ராட்சத மோட்டார் சைக்கிள்களில் எதை வாங்குவது?

ஒரு மோட்டார் சைக்கிள். அதன் எடை சுமார் 400 கிலோ!

ஆறு ஆட்களைச் சேர்த்துக் கட்டித் தூக்கினால் எவ்வளவு கனம் இருக்குமோ, அவ்வளவு கனம்.

அதில் ரேடியோ இருக்கிறது. துணிமணி வைக்க மூன்று பெட்டிகள் இருக்கின்றன. பின்னால் உட்காருகிறவர் சாய்ந்துகொள்ள, சோபாவில் இருப்பது போல முதுகுத் திண்டு இருக்கிறது. ஒன்றில், பின்பக்கமாகப் போவதற்குக்கூட வசதி இருக்கிறது!

விலை? 25 ஆயிரம் டாலருக்கு மேல். நம் பணத்தில் 20 லட்சம் ரூபாய்க்கும் அதிகம்.

இப்படிப்பட்ட மோட்டார் சைக்கிள்களை அமெரிக்காவின் நெடுஞ்சாலைகளில் சர்வசாதாரணமாகப் பார்க்கலாம். வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள், பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கி முடித்தவர்கள், கணவனும் மனைவியுமாக இதில் ஏறி நாட்டைச் சுற்றிப்பார்க்கப் புறப்படுகிறார்கள்.

வண்டி வாங்கப் போகும்போது அவர்களுக்கு முன்னால் ஒரு பெரிய கேள்வி வந்து நிற்கிறது.

"ஹார்லி-டேவிட்சன் வாங்குவதா? ஹோண்டா கோல்டு விங் வாங்குவதா?"

ஒன்று அமெரிக்க வண்டி. மற்றொன்று ஜப்பானிய வண்டி. ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. போன்ற வேறு கம்பெனிகளும் பெரிய வண்டிகளைச் செய்கின்றன. ஆனாலும், பந்தயம் என்று வந்தால் முதலில் பேசப்படுவது இந்த இரண்டு பெயர்கள்தான். 50 ஆண்டுகளாக இந்தப் போட்டி நடக்கிறது.

சேர்த்து வைத்த பணத்தைப் போட்டு வாங்குகிற வண்டி. தப்பான வண்டியை வாங்கிவிட்டால் பணமும் போகும். சில சமயம் காலும் போகும். அதனால் இது விளையாட்டுக் கேள்வி அல்ல.

எப்படித் தேர்ந்தெடுப்பது? முதலில், இரண்டு வண்டிகளின் கதையையும் பார்ப்போம்.

எவ்வளவு தூரம்?

சென்னையில் இருந்து கன்னியாகுமரி சுமார் 700 கிலோ மீட்டர். அது நமக்குத் தூரம்.

அமெரிக்காவில் கிழக்குக் கரையில் உள்ள நியூயார்க்கில் இருந்து மேற்குக் கரையில் உள்ள லாஸ் ஏஞ்சல்சுக்குப் போக வேண்டுமானால், சுமார் 4,500 கிலோ மீட்டர் போக வேண்டும். வழியில் சமவெளி வரும், மலை வரும், பாலைவனம் வரும்.

நெவாடா மாநிலத்தில் 50-ம் எண் நெடுஞ்சாலை என்று ஒரு ரோடு இருக்கிறது. 1986-ம் ஆண்டில் "லைஃப்" பத்திரிகை அதற்கு "அமெரிக்காவின் மிகத் தனிமையான ரோடு" என்று பட்டம் கொடுத்தது. ஓர் ஊரை விட்டால் அடுத்த ஊர் வர வெகுநேரம் ஆகும்.

இப்படிப்பட்ட ரோட்டில் சின்ன மோட்டார் சைக்கிளில் போனால் என்ன ஆகும்? எதிர்காற்று நெஞ்சில் அடிக்கும். கை மரத்துப் போகும். இடுப்பு நோகும். மனைவி இரண்டாம் நாளே, "நான் பஸ்சில் வருகிறேன்" என்று சொல்லிவிடுவாள்!

ஆகவே, காற்றைத் தடுக்க முன்னால் ஒரு பெரிய மறைப்பு, மெத்தென்ற இருக்கை, சாமான் பெட்டி, 20 லிட்டருக்கு மேல் பெட்ரோல் கொள்ளும் டாங்கி - இவை எல்லாம் உள்ள வண்டி தேவைப்பட்டது. அதுதான் "டூரிங்" மோட்டார் சைக்கிள். அதாவது, நெடும் பயணத்துக்கு என்றே செய்த வண்டி.

கொட்டகையில் பிறந்த வண்டி

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் மில்வாக்கி என்று ஒரு நகரம் உண்டு. அங்கே வில்லியம் ஹார்லி, ஆர்தர் டேவிட்சன் என்று இரண்டு வாலிபர்கள் இருந்தார்கள். இருவரும் நண்பர்கள்.

1903-ம் ஆண்டில் அவர்கள் மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கினார்கள். தொழிற்சாலை எது தெரியுமா? டேவிட்சன் வீட்டுக் கொல்லையில் போட்ட ஒரு மரக் கொட்டகை! 10 அடி அகலம், 15 அடி நீளம். அவ்வளவுதான்.

அந்தக் கொட்டகைதான் பிறகு உலகம் அறிந்த "ஹார்லி-டேவிட்சன்" கம்பெனி ஆயிற்று.

ஹார்லியின் பெரிய வண்டிகளுக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. என்ஜினில் இரண்டு சிலிண்டர்கள். இரண்டும் ஆங்கில எழுத்து "வி" போலச் சாய்ந்து நிற்கும். அவற்றின் நடுவே உள்ள கோணம் 45 டிகிரி. நூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்த உருவம் மாறவில்லை.

1949-ல், எண்ணெயின் அழுத்தத்தால் குலுக்கலைத் தாங்கும் முன் "போர்க்" வந்தது. வண்டிக்கு "ஹைட்ரா கிளைட்" என்று பெயர் வைத்தார்கள். 1958-ல் பின்சக்கரத்துக்கும் "ஸ்பிரிங்" வந்தது. "டியூவோ கிளைட்" என்று பெயர் மாறியது.

அதுவரை வண்டியைக் கிளப்ப வேண்டுமானால் காலால் ஓங்கி உதைக்க வேண்டும். பெரிய என்ஜின், லேசில் கிளம்பாது. சில சமயம் திருப்பி உதைக்கும்!

1965-ல் மின்சாரத்தால் கிளப்பும் வசதி வந்தது. பட்டனை அழுத்தினால் போதும். மின்சாரம் வந்ததால் "எலக்ட்ரா கிளைட்" என்று பெயர் சூட்டினார்கள். என்ஜின் 1,200 சி.சி. 1969-ல், வவ்வால் சிறகை விரித்தது போன்ற முன்மறைப்பும் அதற்கு வந்து சேர்ந்தது.

அமெரிக்கப் போலீசார் அந்த வண்டியில் போனார்கள். சினிமாவில் அது வந்தது. "நெடும் பயணமா? ஹார்லிதான்!" என்ற பேச்சு நிலைத்தது.

கொல்லன் மகன்

அதே காலத்தில், ஜப்பானில் இன்னொரு மனிதர் எழுந்து வந்துகொண்டிருந்தார். அவர் பெயர் சோய்ச்சிரோ ஹோண்டா. அவருடைய தந்தை ஒரு கொல்லர்.

இரண்டாம் உலகப்போர் முடிந்த நேரம். ஜப்பானில் பஸ் இல்லை, பெட்ரோல் இல்லை. ராணுவத்தில் மீதியாகிக் கிடந்த சின்ன என்ஜின்களை வாங்கி, சைக்கிளில் பொருத்தி விற்றார் ஹோண்டா. 1948-ல் கம்பெனி தொடங்கினார். 1959-ல் அமெரிக்காவில் கடை திறந்தார்.

முதலில் விற்றது சின்னச் சின்ன வண்டிகள். ஆகவே ஹார்லிக்காரர்கள் கவலைப்படவில்லை.

ஆனால் ஹோண்டாவின் எந்திர நிபுணர்கள் சும்மா இருக்கவில்லை. 1972-ல் ரகசியமாக ஒரு பெரிய வண்டியைச் செய்து பார்த்தார்கள். அதில் ஆறு சிலிண்டர்கள்!

1974-ல் ஜெர்மனியில் கொலோன் நகரில் நடந்த கண்காட்சியில் "கோல்டு விங்" வெளியே வந்தது. பெயருக்குப் பொருள் "தங்கச் சிறகு". அடுத்த ஆண்டு அது கடைக்கு வந்தது. அதில் ஆறு சிலிண்டருக்குப் பதில் நான்கு சிலிண்டர் இருந்தது. 999 சி.சி. என்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீர். பின்சக்கரத்தைச் சுற்றச் சங்கிலி கிடையாது. மோட்டார் காரில் இருப்பது போல ஓர் உருக்குத் தண்டு.

இன்னொரு வேடிக்கை. வழக்கமாகப் பெட்ரோல் டாங்கி இருக்கும் இடத்தில் இருந்தது வெறும் பொய் டாங்கி! உண்மையான டாங்கி இருக்கைக்கு அடியில் இருந்தது. கனமான பெட்ரோல் தாழ்வாக இருந்தால் வண்டி ஆடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

முதல் கோல்டு விங்கில் முன்மறைப்பும் இல்லை, பெட்டியும் இல்லை. வாங்கியவர்களே கடைகளில் அவற்றை வாங்கி மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். அதைக் கவனித்த ஹோண்டா, 1980-ல் எல்லாவற்றையும் தொழிற்சாலையிலேயே பொருத்திக் கொடுத்தது.

அதாவது, நெடும் பயண வண்டி எப்படி இருக்க வேண்டும் என்று ஹோண்டாவுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள், அதில் பயணம் போன குடும்பங்கள்தான்.

எண்ணெய் சொட்டிய காலம்

அந்த நேரத்தில் ஹார்லிக்குப் போதாத காலம்.

1969-ல் ஏ.எம்.எப். என்ற பெரிய கம்பெனி ஹார்லியை வாங்கியது. எண்ணிக்கையைப் பெருக்கினார்கள். தரம் குறைந்தது. "ஹார்லி நின்ற இடத்தில் எண்ணெய் சொட்டும்" என்று மக்கள் கேலி பேசினார்கள்.

1981-ல் ஹார்லியின் நிர்வாகிகள் 13 பேர் சேர்ந்து, கடன் வாங்கி, கம்பெனியைத் திரும்ப வாங்கினார்கள். ஆனால் போட்டியில் நிற்க முடியவில்லை. கம்பெனி மூழ்கும் நிலை.

அரசாங்கத்திடம் முறையிட்டார்கள். 1983-ல் ஜனாதிபதி ரீகன் ஓர் உத்தரவு போட்டார். 700 சி.சி.க்கு மேற்பட்ட அயல்நாட்டு மோட்டார் சைக்கிள்களுக்கு 4.4 சதவிகிதமாக இருந்த வரி, 49.4 சதவிகிதம் ஆயிற்று!

ஆனால், இதில் ஒரு வேடிக்கை. கோல்டு விங், 1980-லேயே அமெரிக்காவுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. ஓஹையோ மாநிலத்தில் மேரிஸ்வில் என்ற ஊரில் ஹோண்டா தொழிற்சாலை கட்டி, அமெரிக்கத் தொழிலாளர்களைக் கொண்டு அதைத் தயாரித்துக்கொண்டிருந்தது. 2009 வரை அங்கே தயாரித்தது. பிறகுதான் ஜப்பானுக்குப் போயிற்று.

அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. 1982-ல் ஹார்லியின் நிர்வாகிகள் மேரிஸ்வில் தொழிற்சாலைக்கே போய்ப் பார்த்தார்கள். அங்கே மூட்டை மூட்டையாகச் சாமான்கள் குவிந்து கிடக்கவில்லை. தேவையான பாகம், தேவையான நேரத்தில் வந்தது. குற்றம் இருந்தால் அங்கேயே கண்டுபிடித்தார்கள்.

"நம்மைத் தோற்கடித்தது இதுதான்" என்று ஹார்லிக்காரர்கள் உணர்ந்தார்கள். அந்த முறையைத் தங்கள் தொழிற்சாலையிலும் புகுத்தினார்கள். 1984-ல் எண்ணெய் சொட்டாத புது என்ஜின் வந்தது.

1987-ல், "எங்களுக்கு வரிப் பாதுகாப்பு வேண்டாம்" என்று ஹார்லியே அரசாங்கத்திடம் சொன்னது. கெடு முடிய இன்னும் ஓர் ஆண்டு இருந்தது!

எதிரியிடம் பாடம் கற்றுக்கொண்டு எழுந்து நின்ற கம்பெனி அது.

"டப்... டப்... டப்!"

இப்போது இரண்டு வண்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்போம்.

ஹார்லியின் என்ஜின் ஒரே சீராகச் சுடுவதில்லை. இரண்டு வெடிப்பு அடுத்தடுத்து வரும். பிறகு சற்று இடைவெளி. மறுபடியும் இரண்டு. "டப்-டப்... டப்-டப்..." என்று, குதிரை ஓடுவது போலச் சத்தம் கேட்கும்.

இந்தச் சத்தத்துக்காகவே ஹார்லி வாங்குகிறவர்கள் உண்டு. 1994-ல் ஹார்லி கம்பெனி, "இந்தச் சத்தம் எங்களுடையது, வேறு யாரும் செய்யக்கூடாது" என்று வியாபார முத்திரை கேட்டு மனுப் போட்டது! ஹோண்டா முதலிய கம்பெனிகள் எதிர்த்தன. ஆறு ஆண்டு வழக்காடிவிட்டு, 2000-ல் ஹார்லி மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

கோல்டு விங்கில் இப்படிச் சத்தம் கேட்காது. 1988 முதல் அதற்கு ஆறு சிலிண்டர்கள். பக்கத்துக்கு மூன்றாக அவை படுத்துக் கிடக்கின்றன. ஒரு பக்கத்துப் பிஸ்டன் வெளியே போகும்போது எதிர்ப் பக்கத்துப் பிஸ்டனும் வெளியே போகும். ஒன்றின் அதிர்ச்சியை மற்றொன்று தின்றுவிடும். ஆகவே அதிர்வு மிகமிகக் குறைவு.

2018-ல் வந்த கோல்டு விங்கின் என்ஜின் 1,833 சி.சி. ஹார்லியின் "அல்ட்ரா லிமிடெட்" என்ற பெரிய வண்டியில் 1,868 சி.சி. அளவில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஒன்றில் அந்த அளவை இரண்டு பெரிய சிலிண்டர்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. மற்றொன்றில் ஆறு சின்ன சிலிண்டர்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. வித்தியாசம் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

ஹார்லியில் போகிறவருக்கு, "நான் ஓர் எந்திரத்தின் மேல் இருக்கிறேன்" என்ற நினைவு கடைசிவரை இருக்கும். கோல்டு விங்கில் போகிறவருக்குச் சிறிது நேரத்தில் எந்திரம் மறந்துபோகும். ரோடும் மலையும் மட்டும் தெரியும்.

எது மேல்? அது அவரவர் மனதைப் பொறுத்தது.

வசதிகள்

கோல்டு விங்கை "கிளட்ச்" பிடிக்காமல் ஓட்டலாம். 2018 முதல், தானாகவே மாறும் ஏழு கியர் கொண்ட வண்டி கிடைக்கிறது. கையால் மாற்றும் வண்டியும் உண்டு. ஹார்லியில் ஆறு கியர். கையும் காலும் வேலை செய்ய வேண்டும்.

பின்பக்கமாகப் போகும் வசதி கோல்டு விங்கில்தான் இருக்கிறது. 1988-ல் அது வந்தது. இறக்கமான இடத்தில் மூக்கைக் கீழே வைத்து வண்டியை நிறுத்திவிட்டால், 400 கிலோவைக் காலால் உந்திப் பின்னால் தள்ள முடியுமா? அப்போது அதன் அருமை தெரியும். ஹார்லியின் இரு சக்கர வண்டிகளில் வழக்கமாக இது இருப்பதில்லை.

விபத்தில் முன்பக்கம் மோதினால், காற்றுப் பை ஒன்று வெடித்து விரிந்து, ஓட்டுபவரைத் தாங்கும் ஏற்பாடும் உண்டு. விற்பனைக்கு வந்த மோட்டார் சைக்கிள்களில் முதன்முதலாக அதைப் பெற்றது 2006-ம் ஆண்டுக் கோல்டு விங்தான். எல்லாக் கோல்டு விங்கிலும் அது இருக்காது. கேட்டு வாங்க வேண்டும்.

பிறகு ஏன் ஹார்லி வாங்குகிறார்கள்?

காரணம் இருக்கிறது.

கோல்டு விங்கில் சிலிண்டர்கள் படுத்துக் கிடப்பதால், காலுக்கு முன்னால் அவை நீட்டிக்கொண்டு நிற்கும். உயரமானவர்கள் காலை முன்னே நீட்ட முடியாமல் தவிப்பார்கள். ஹார்லியில் அகலமான மிதிபலகை இருக்கிறது. காலை முன்னும் பின்னும் மாற்றி வைக்கலாம். எட்டு மணி நேரம் ஓட்டுகிறவருக்கு இது பெரிய விஷயம்.

ஹார்லிக்கு உபரி பாகங்கள் கணக்கில்லாமல் கிடைக்கும். கைப்பிடி உயரமாக வேண்டுமா? இருக்கை தாழ்வாக வேண்டுமா? எல்லாம் மாற்றலாம். ஒருவருடைய ஹார்லி போல இன்னொருவருடைய ஹார்லி இருக்காது. அமெரிக்காவின் சிற்றூர்களில்கூட ஹார்லி தெரிந்த மெக்கானிக் கிடைப்பது எளிது.

ஆனால், ஹார்லியின் பின்சிலிண்டர் ஓட்டுபவரின் தொடைக்கு அருகில் இருக்கிறது. வெயில் காலத்தில், வாகன நெரிசலில் நின்றால் சூடு தெரியும்.

கோல்டு விங்கில் பழுது குறைவு என்று பெயர். ஆனால் ஒரு சின்ன வேலைக்கும் பிளாஸ்டிக் மூடிகளை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டியிருக்கும். சொந்தமாகக் கழற்றி மாட்ட ஆசைப்படுகிறவருக்கு அது பிடிக்காது.

ஆபத்து எங்கே?

பெரிய மோட்டார் சைக்கிள் என்றால், "வேகமாகப் போய் விழுந்துவிடுவோமோ?" என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். வேகத்தில் ஆபத்து உண்டுதான். ஆனால் பலரும் நினைத்துப் பார்க்காத ஓர் ஆபத்து, வண்டி நிற்கும்போது இருக்கிறது!

ஓடும்போது வண்டி தானாக நிமிர்ந்து நிற்கும். எடையே தெரியாது. பெட்ரோல் கடையில், சரிவில், மணலில் வண்டியை மெல்லத் திருப்பும்போதுதான் 400 கிலோவும் ஒரு காலின் மேல் வந்து சாயும். அந்த நேரத்தில் கால் வழுக்கினால் பிடித்து நிறுத்த பீமசேனனாலும் முடியாது. பிடிக்க முயன்றால் முழங்கால் போய்விடும், இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

ஆகவே, அனுபவசாலிகள் சொல்லும் முதல் புத்திமதி இது: "சாய்ந்துவிட்ட வண்டியைப் பிடிக்காதே. விட்டுவிட்டு விலகிக்கொள்." இரண்டு வண்டிகளிலும் பக்கத்தில் இரும்புக் கம்பிகள் இருக்கின்றன. வண்டி அவற்றின் மேல் சாயும். மீண்டும் எப்படி நிமிர்த்துவது?

என்ஜினை நிறுத்த வேண்டும். வண்டிக்கு முதுகைக் காட்டி, இருக்கையில் பின்பக்கத்தை முட்டுக் கொடுத்து, குந்தி உட்கார வேண்டும். ஒரு கையால் கைப்பிடியையும், மறு கையால் சட்டத்தையும் பிடித்துக்கொண்டு, முதுகை வளைக்காமல், கால்களால் உந்திச் சிறுசிறு அடியாகப் பின்னால் நடக்க வேண்டும். வண்டி நிமிரும். பலத்தைவிட முறைதான் முக்கியம்.

கடைக்குப் போனால்...

இனி, தேர்ந்தெடுக்கும் வழி.

கடைக்காரர் வேகத்தைச் சொல்வார், பளபளப்பைக் காட்டுவார். அதில் மயங்கக் கூடாது. ஐந்து காரியங்களைச் செய்ய வேண்டும்.

முதலாவது: வண்டியில் உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் தரையில் வையுங்கள். இரண்டின் இருக்கையும் சுமார் 29 அங்குல உயரம்தான். ஆனால் இருக்கை அகலம் அதிகம். குதிகாலும் தரையில் படுகிறதா என்று பார்க்க வேண்டும். நுனிக்கால்தான் எட்டுகிறது என்றால், அந்த வண்டி வேண்டாம்.

இரண்டாவது: என்ஜினைக் கிளப்பாமல், வண்டியை நிமிர்த்திப் பத்தடி முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். கோல்டு விங் சுமார் 380 கிலோ. அல்ட்ரா லிமிடெட் சுமார் 415 கிலோ. கோல்டு விங்கில் என்ஜின் தாழ்வாகக் கிடப்பதால், எடை இன்னும் குறைவு போலத் தோன்றும்.

மூன்றாவது: மனைவியையும் ஏற்றிக்கொண்டு ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். ஐந்து நிமிட ஓட்டத்தில் எல்லா இருக்கையும் சுகமாகத்தான் இருக்கும். ஒரு மணி நேரத்துக்குப் பிறகுதான் இடுப்பு உண்மையைப் பேசும்.

நான்காவது: போகப்போகிற ரோட்டை நினைத்துப் பாருங்கள். வளைந்து வளைந்து போகும் மலைப்பாதை அதிகமா? 2018 முதல் கோல்டு விங்கின் முன்சக்கரத்துக்கு, மோட்டார் காரில் இருப்பது போன்ற இரட்டைக் கை ஏற்பாடு இருக்கிறது. பள்ளத்தின் குலுக்கல் கைக்கு அதிகம் வராது. நேரான ரோட்டில், அவசரம் இல்லாமல், ஊர் ஊராக நின்று போகிறவரா? ஹார்லி அதற்கென்றே செய்த வண்டி.

ஐந்தாவது: வீட்டில் இருந்து எத்தனை மைலில் பழுது பார்க்கும் இடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். எவ்வளவு நல்ல வண்டியானாலும் ஒரு நாள் நிற்கும். மெக்கானிக் 200 மைலுக்கு அப்பால் இருந்தால், தங்கச் சிறகு இருந்தும் பறக்க முடியாது.

மனைவியின் ஓட்டு

இந்த ஐந்தில் மூன்றாவதுதான் மிக முக்கியம்.

முன்னால் இருப்பவருக்குக் கைப்பிடி இருக்கிறது. ரோட்டைப் பார்க்கிறார். பள்ளம் வருவது அவருக்கு முன்கூட்டியே தெரியும். பின்னால் இருப்பவருக்கு எதுவும் தெரியாது. குலுக்கல் திடீரென்று வரும். அவருடைய கால் மரத்தாலும் மாற்றி வைக்க இடம் இல்லை என்றால், பயணம் தண்டனை ஆகிவிடும்.

24 மணி நேரத்தில் ஆயிரம் மைல், அதாவது 1,600 கிலோ மீட்டர் ஓட்டிக் காட்டுகிறவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கும் சங்கம் அமெரிக்காவில் இருக்கிறது. "இரும்பு இடுப்பு" என்று பொருள்படும் பெயர் அதற்கு! ஆனால் மனைவிக்கும் இரும்பு இடுப்பு இருக்கும் என்று கணவன் நினைத்துவிடக் கூடாது.

பணத்தைக் கொடுப்பதற்கு முன், "உனக்கு எது சவுகரியம்?" என்று அவரைக் கேட்க வேண்டும். அவர் வேண்டாம் என்று சொன்ன வண்டி, ஒரு பயணத்துக்குப் பிறகு கொட்டகையில் தூங்கும்.

மாம்பழமும் மோட்டார் சைக்கிளும்

ஹார்லி நம் நாட்டுக்கு வந்தது ஒரு சுவையான கதை.

2007-ல் இந்தியாவும் அமெரிக்காவும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. நம் மாம்பழத்தை அமெரிக்கா 18 ஆண்டுகளாக உள்ளே விடவில்லை. ஹார்லியை நாம் உள்ளே விடவில்லை. "நீ மாம்பழத்தை வாங்கு, நான் மோட்டார் சைக்கிளை வாங்குகிறேன்" என்று பேசி முடித்தார்கள்!

2010-ல் ஹார்லி விற்பனை இங்கே தொடங்கியது. ஆனால் விற்பனை போதவில்லை. 2020-ல் அந்தக் கம்பெனி இந்தியத் தொழிற்சாலையை மூடிவிட்டு, ஹீரோ கம்பெனியுடன் விற்பனைக்கு ஒப்பந்தம் செய்துகொண்டது. கோல்டு விங்கும் கப்பலில் வந்து இறங்குகிறது. வரியெல்லாம் சேர்ந்து, விலை ஒரு வீட்டின் விலை ஆகிவிடுகிறது.

நம் தெருக்களின் வேகத்தடையும் நெரிசலும் இந்த இரண்டு வண்டிகளையும் மனதில் வைத்துச் செய்தவை அல்ல!

முடிவு என்ன?

சத்தமில்லாமல், அலுப்பில்லாமல், இரண்டு பேராக வெகுதூரம் போக வேண்டும். எந்திரத்தைத் தொட்டுப் பார்க்கும் ஆசை இல்லை. இப்படிச் சொல்கிறவருக்குக் கோல்டு விங்.

தூரத்தைவிட ஓட்டுவதே இன்பம். என்ஜினின் துடிப்பு கையில் தெரிய வேண்டும். வண்டியை என் விருப்பம் போல மாற்றிக்கொள்ள வேண்டும். இப்படிச் சொல்கிறவருக்கு ஹார்லி.

மூன்றாவதாக ஒரு பதிலும் உண்டு. கடைக்காரர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள்.

பத்தடி தள்ளிப் பார்க்கும்போதே மூச்சு வாங்கினால், முழங்காலில் வலி இருந்தால், இரண்டுமே வேண்டாம். 250 கிலோ எடையுள்ள சற்றுச் சின்ன வண்டிகள் இருக்கின்றன. அவற்றிலும் பெட்டி மாட்டலாம். அதே ரோட்டில் போகலாம். விழாமல் நிற்கும் மூன்று சக்கர வண்டிகளும் உண்டு. ஹார்லியே 2009 முதல் அப்படி ஒன்றைச் செய்து வருகிறது.

சின்ன வண்டியில் போவது அவமானம் அல்ல. பக்கத்து வீட்டுக்காரர் பெரிய வண்டி வைத்திருக்கிறார் என்று, தூக்க முடியாத வண்டியை வாங்கி, காலை ஒடித்துக்கொண்டு, ஓய்வு காலத்தைக் கட்டிலில் கழிப்பதுதான் பரிதாபம்.

"விரலுக்குத் தகுந்த வீக்கம்" என்பார்கள். மோட்டார் சைக்கிளும் அப்படித்தான். எந்த வண்டி பெரியது என்று கேட்பதைவிட, எந்த வண்டி உங்கள் இருவரையும் பத்திரமாகக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் வண்டியை வாங்குங்கள்.